நூல் சுற்றிய கபாபுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிப் பிழை பார்த்துக் கொடுப்பது என் வேலை. நான் பார்த்த பத்திரிகைகளில் தாய்மாமன்மார் பெயர் வரிசையாக இருக்கும், கீழே சிறு எழுத்தில் வீட்டுக் குழந்தைகள் அனைவரையும் வரவேற்பார்கள். என்ன சாப்பாடு என்று மட்டும் யாரும் அச்சடித்ததில்லை. இலை போட்டால் தெரிந்துவிடப் போகிறது, அதற்கு எதற்கு மை என்பது நம் பக்கத்து நினைப்பு.

கொல்கத்தாவில் அதற்கென்றே தனி அட்டை போடுகிறார்கள். மேலே ஒரு பட்டாம்பூச்சி, கீழே லூச்சி என்கிற மைதாப் பூரியில் தொடங்கி வெற்றிலை வரைக்கும் அன்றைய விருந்தின் முழு விவரம். சாப்பிட உட்காருகிறவர்கள் தேர்வு எழுத வந்தவர்கள் மாதிரி முதலில் அதை ஒரு தடவை படித்துவிட்டு, எதற்கு வயிற்றில் எவ்வளவு இடம் விடுவது என்று திட்டம் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்துவிட்ட வழக்கம் இது.

அந்த அட்டைதான் என்னை அங்கே வரவழைத்தது. என் அக்கா மகள் நித்யாவுக்கு ஒரு வங்காளிப் பையனோடு கல்யாணம். தாய்மாமன் முந்தின நாள் வந்தால் போதாது, ஒரு வாரம் முன்னதாகவே வர வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள். அட்டையின் ஒரு பக்கம் வங்காளம், மறு பக்கம் தமிழ். ஆங்கிலம் கிடையாது என்பது அவள் முடிவு. தமிழ்ப் பக்கத்தை எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்றாள். என்னிடம் வேலை வாங்க வேண்டுமானால் இப்படிச் சொன்னால் போதும் என்பது எங்கள் குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

கார்டன் ரீச்சில் ரயில்வே குடியிருப்பில் கோமதி அக்காவின் வீடு. கார்த்திகைக் கடைசி. நம் ஊரில் மின்விசிறியை ஒரு எண் குறைக்கிற அளவு குளிருக்கு அங்கே ஆள்கள் காதுவரை குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அக்கா தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். கோபிந்தபோக் என்று ஒரு பொடி அரிசி, சீரகச் சம்பாவுக்குத் தங்கை மாதிரி. அந்தச் சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்தபோது வங்காளத்துக்குப் பெண் கொடுப்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லாமல் போனது.

தடை அத்தானுக்கு இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சுந்தரம், ரயில்வே தலைமை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. பையனைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. கவலை எல்லாம் சாப்பாட்டைப் பற்றி. எங்களுடையது சைவக் குடும்பம். கறி தின்கிற வீடுகளில்கூட நம் ஊரில் கல்யாணப் பந்தியில் சைவம்தான் மரியாதை. வங்காளிகளுக்கு நேர் எதிர். மீன் இல்லாத கல்யாணம் அவர்களுக்கு ஏறக்குறைய துக்க வீடு. பையனின் அம்மா மிகவும் தன்மையாக, தங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மனம் நோகாமல் இருக்க வேண்டுமே என்று மட்டும் சொன்னாராம். அதன் பொருள் என்னவென்று அங்கேயே பல காலம் இருந்த அத்தானுக்குத் தெரியும்.

ஆகவே காலையில் முகூர்த்தச் சாப்பாடு நம் வழக்கப்படி சைவம், மாலை வரவேற்பு விருந்து அவர்கள் வழக்கப்படி என்று பேசி முடித்திருந்தார்கள். விருந்திலும் ஒரு மூலையில் நமக்குத் தனிச் சமையல். ஊர் உலகத்தில் நடக்கிற ஏற்பாடுதான். ஆனால் வியாழக்கிழமை பர்வதம் மதினி வருகிறார்கள்.

பர்வதம் மதினி அத்தானின் மூத்த அக்கா. தாயில்லாத வீட்டில் அத்தானை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் அவர் உள்ளே வந்தால் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும். அத்தான் வேலைக்காக ரயில் ஏறியபோது அந்த ஊரில் எல்லாரும் மீன் தின்பார்களாம், நீ தொடக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். மாலை விருந்தில் மாமிசம் என்று தெரிந்தால் அக்கா எழுந்து போய்விடுவாள், பிறகு என் வாசல் மிதிக்க மாட்டாள் என்று அத்தான் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. அறுபதை நெருங்கும் மனிதர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் தமிழ்ப் பக்கத்தில் அந்த மாமிச வரிகளை விட்டுவிடலாமே என்றேன். அதையும் அவர்கள் யோசித்தாகிவிட்டது. பையனின் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். வங்காளத்தில் பதினான்கு வரி, தமிழில் பத்து வரி என்றால் எங்கள் உணவைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமா என்று கேட்டுவிடுவார்.

"எல்லாம் இருக்கணும், ஆனா அக்காவுக்கு ஒண்ணும் புரியப்பிடாது. நீதான் எழுதுததுல கெட்டிக்காரனாச்சே, கணேசா," என்றார் அத்தான்.

வாசனைக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பை நிறையச் சாம்பிராணியை எடுத்துக் காட்டினார்.

அன்று மாலையே மூன்று வரிகளை முடித்துவிட்டேன். வாழையிலையில் மடித்து வேகவைக்கிற மீன் ஒன்று இருக்கிறது. அதற்கு 'வாழையிலைப் பொட்டலம்' என்று எழுதினேன். இளநீருக்குள் வைத்துச் சமைக்கிற இறாலுக்கு 'இளநீர்க் குழம்பு'. நெடுநேரம் கிளறி எண்ணெய் பிரிய வைக்கிற ஆட்டுக்கறிக்குச் 'சுருள வதக்கியது'. ஒன்றுகூடப் பொய் இல்லை பாருங்கள். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்து மகிழ்ந்தேன்.

நான்காவதில்தான் மாட்டிக்கொண்டேன். சுத்தா கபாப். சுத்தா என்றால் நூல். கபாபை என்ன செய்வது? பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கினால் நாலு பலகையில் கபாப் என்று எழுதியிருக்கிறது. மதினிக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பண்டத்தைப் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது என்று நான் சொல்ல, மறுநாள் அத்தான் என்னைக் கிடர்பூருக்கு அழைத்துப் போனார். பேருந்தில் நடத்துநர் விரலிடுக்கில் நோட்டுகளை விசிறி போல மடித்து வைத்துக்கொண்டு, நெரிசலுக்குள் எல்லாரையும் அண்ணன் என்றும் அக்கா என்றும் கூப்பிட்டு மேலும் நெருக்கினார். துறைமுகப் பக்கம் வந்ததும் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. கைவண்டிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், நாங்கள் இறங்கி நடந்தோம்.

சந்துக்குள் நுழைந்ததும் புகை எங்களை வரவேற்றது. நீளவாக்கில் ஒரு கரியடுப்பு, அதன்மேல் வரிசையாக இரும்புக் கம்பிகள். நடுவயதைத் தாண்டிய ஒருவர் மடித்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஷுந்தொர் பாபு, இந்த வாரம் செவ்வாய்க்கிழமையே வந்துட்டீங்களே," என்று இந்தியில் சொன்னார். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் அடுப்பைப் பார்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே ஆரம்பித்ததாம். வெள்ளிக்கிழமை தோறும் அலுவலகம் விட்டு இங்கே வந்து ஒரு தட்டு. கோமதி அக்காவுக்குத் தெரியும், நித்யாவுக்குத் தெரியும். பர்வதம் மதினிக்குத் தெரியாது. புகை வாசம் வரக் கூடாது என்று அலுவலக அலமாரியில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருக்கிறார், வாயில் போடக் கிராம்பு இருக்கிறது. கல்லூரி விடுதியில் முட்டையில் தொடங்கிக் கெட்டுப்போனவன் நான், என்னிடம் சொல்வதற்கு அவருக்கு இத்தனை வெட்கம். விருந்துக்கு ஆட்டுக்கறி கபாப் போடப் போவதும் இதே கடைக்காரர்தான் என்று இன்னும் மெல்லச் சொன்னார்.

தட்டு வந்தது. கபாபின் மேல் நூல் சுற்றியிருப்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியே எடுத்து வாயில் வைத்துவிட்டேன். கறி நாக்கில் கரைந்து போனது, நூல் போகவில்லை. மென்றால் வரவில்லை, விழுங்கினால் இறங்கவில்லை. என் உதட்டிலிருந்து ஒரு முழ நூல் தொங்குவதைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தான் அவசரமாக அதன் நுனியைப் பிடித்து இழுத்து எடுத்தார். தன் தட்டில் எப்படிச் செய்வது என்றும் காட்டினார். ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பு. நூல் முழுதாகக் கையோடு வர, கபாப் சிதறாமல் அப்படியே கிடந்தது. இத்தனை வெள்ளிக்கிழமைப் பழக்கம் அந்த விரலில் தெரிந்தது.

எதற்கு நூல் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பச்சைப் பப்பாளி அரைத்துப் போட்டு ஊறவைத்த கொத்துக்கறி. வெண்ணெய் மாதிரி ஆகிவிடுவதால் கம்பியில் தானாக நிற்காது, நெருப்பில் விழுந்துவிடும். அதனால் நூல் போட்டுக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பிக்குப் பெயர் ஷிக். பாரசீகத்திலிருந்து வந்த சொல்லாம். வங்காளத்தில் ஜன்னல் கம்பிக்கும் அதுதான் பெயர் என்று கடையின் ஜன்னலைத் தட்டிக் காட்டினார். பழைய காலத்துப் போர்வீரர்கள் பாத்திரம் இல்லாமல் வாளில் கறியைக் குத்திச் சுட்டார்கள், அதிலிருந்து வந்தது எல்லாம் என்றார். வாளில் சுட்டால் அடுத்த நாள் சண்டைக்கு அது உதவுமா என்று எனக்கு ஒரு சந்தேகம், கேட்கவில்லை.

எதிர் பெஞ்சில் குடையை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கொல்கத்தாவில் இது ஒரு வசதி, சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுப் பதில் சொல்வார், அதை மறுக்க இன்னொருவர் வருவார். கபாப் என்பது அரபு, அதற்கும் முன்னால் பழைய மெசபடோமியாவில் எரிப்பதற்கும் கருக்குவதற்கும் இருந்த சொல்லோடு அது சேரும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றார் பெரியவர். வந்தது சொல்தான், சமையல் இங்கே முன்பே இருந்தது. சமஸ்கிருதத்தில் சூல்யம் என்பார்கள், சூலத்தில் குத்திச் சுட்டது. நெருப்பும் குச்சியும் கிடைத்த எந்த மனிதனும் அடுத்தவன் சொல்லித் தருவான் என்று காத்திருக்க மாட்டான் என்று முடித்து, விரலை நக்கினார்.

சூலம் என்ற சொல்லை ஒரு நிமிடம் யோசித்துக் கைவிட்டேன். அது அம்மன் கையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கபாபில் சொருகினால் மதினி என்ன, நானே எழுந்து போய்விடுவேன். 'கம்பிச் சுடல்' என்றால் சுடுகாட்டு வாசனை வந்தது. 'நெருப்பு வாட்டல்' மருந்துக் கடைக்குத்தான் பொருந்தும்.

மறுநாள் சால்ட் லேக். நித்யா வேலை பார்ப்பது அங்கே செக்டர் ஃபைவில். அட்டையை வடிவமைப்பவள் அவளுடைய அலுவலகத் தோழி. நானே வந்துவிடுகிறேன் என்று வீரமாகச் சொல்லியிருந்தேன். பாதி வழி பேருந்து, மீதிக்கு ஆட்டோ. நம் ஊர் ஆட்டோ நாம் சொல்கிற வீட்டு வாசலுக்குப் போகும். அங்கே ஆட்டோவுக்கும் பேருந்து மாதிரித் தடம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அரை இருக்கையில் தொற்றிக்கொண்டு, செக்டர் ஃபைவ் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். ஒரு தண்ணீர்த் தொட்டியருகே எல்லாரும் இறங்க, என்னையும் இறங்கச் சொன்னார். இது செக்டர் ஃபைவ் இல்லையே என்றேன். இது எப்போதும் இல்லை என்று அமைதியாகப் பதில் சொன்னார்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்களும் வீடுகளும். வீட்டு எண்ணை வைத்து யாரும் வழி சொல்லவில்லை, தொட்டி எண்ணை வைத்துச் சொன்னார்கள். நடந்து களைத்து ஒரு டீக்கடையில் மண் குவளைத் தேநீரோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரும்புக் கம்பிகள் கிடந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் அறுத்த மரத்துண்டு ஒன்று, நடுவில் கருத்து வைரம் பாய்ந்தது. ஷிக், கம்பி, சலாகை, வைரம் என்று மனம் ஓடியது. மரத்தின் வைரத்துக்கு ஒரு பழைய சொல் உண்டே என்று கைபேசியில் அகராதியைத் திறந்தேன். காழ். மரவைரம், விதை, இரும்புக் கம்பி, இறைச்சி கோத்துச் சுடும் கோல்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கபாபுக்கு அரபும் பாரசீகமும் தேடிப் போனோம், நம்மிடமே ஒற்றை எழுத்தும் ஒரு மெய்யுமாகச் சொல் இருந்திருக்கிறது. கோல் இருந்தால் சுட்டிருக்கிறார்கள், சுட்டிருந்தால் தின்றிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், இன்றைக்கு அந்தச் சொல் ஒருத்தருக்கும் தெரியாது. அங்கேயே எழுதினேன். 'நூல் சுற்றிக் காழில் சுட்டது.' அடியில் பொடி எழுத்தில், 'நூலை எடுத்துவிட்டு உண்ணவும்.' என் தொண்டை கற்றுக்கொடுத்த வரி அது.

ஒரு வழியாக என்னைக் கண்டுபிடிக்க நித்யாவே அலுவலகத்திலிருந்து வந்தாள். எழுதியதைப் படிக்கச் சொன்னேன். தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படித்து முடித்து, "அழகா இருக்கு மாமா. ஆனா பீஷோண் கஷ்டமா இருக்கு," என்றாள். பீஷோண் என்றால் ரொம்ப.

எது கஷ்டம், சொல்லா என்று கேட்டேன்.

"இல்ல. அத்தைகிட்ட மறைக்கிறது. அப்பா ஒரு தடவ உண்மையச் சொன்னா என்ன?"

பெரியவர்கள் விஷயம் உனக்குப் புரியாது என்று நான் சொன்னேன். உண்மையில் எனக்கு என் வரி அட்டையில் வந்துவிட வேண்டும் என்று இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று மாலை பையனின் அம்மா வந்து, கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்ப் பக்கத்தை விரல் வைத்து எண்ணினார். பதினான்கு. எழுத்துகள் ஜிலேபி மாதிரி அழகாக இருக்கின்றன என்று என்னைப் பாராட்டினார்.

வியாழக்கிழமை மதினி வந்து இறங்கினார்கள். முறுக்குத் தூக்கு, கருப்பட்டி, தன் காப்பிப் பொடி, தன் டம்ளர். அந்த ஊரில் அப்போது பேரீச்சை வெல்லம் வந்திருந்தது. வாங்கி வைத்திருந்ததை முகர்ந்து பார்த்து, நம் கருப்பட்டியின் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அத்தான் அவர்கள் பின்னாலேயே நடந்தார். மதினி ஜன்னல் பக்கம் போனால், மீன்காரர் தெருவில் போய்விடக் கூடாதே என்று இவர் முன்னால் போய் நின்று மறைத்தார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கல்யாண நாள் காலை ஒரு குறையும் இல்லை. மாலை மாற்றியபோது வங்காளிப் பெண்கள் வாயருகே கை வைத்துக் குலவையிட்டார்கள். நம் பக்கத்துக் குலவையோடு அது அப்படி ஒத்துப்போனது, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. சாப்பாட்டில் பையனின் அம்மா ரசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தார். அவர் பக்கத்து மாமா ஒருவர் மட்டும் இலையின் ஓரத்தைத் தூக்கி, அடியில் மீன் ஏதாவது இருக்கிறதா என்பது போலப் பார்த்தார்.

மாலை ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. அத்தான் கொளுத்தி வைத்த சாம்பிராணியில் எதிரில் வருகிறவர் முகம் தெரியவில்லை. இரண்டு பேர் இருமிக்கொண்டே வெளியே போனார்கள். அதையும் மீறிப் பின்வாசலில் இருந்து கரியடுப்புப் புகை வந்தது. நம் மூலையில் மதினிக்குத் தயிர்சாதம் வைத்தார்கள், கையில் அட்டையைக் கொடுத்தார்கள்.

மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார்கள். விடைத்தாள் திருத்துகிற வேகம். எட்டாவது வரியில் நின்றார்கள். அதைத் திரும்பப் படிப்பது உதட்டில் தெரிந்தது. பிறகு என்னை விரலசைத்துக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இது நீங்க எழுதினதுதான?"

"ஆமா மதினி."

"வாழையிலைப் பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இளநீர்க் குழம்பும் தெரியாது. காழ்ல சுட்டது என்னன்னு தெரியும். விருந்தாளியா வந்த பொருநனுக்கு ராஜா அதத்தான் தின்னக் கொடுத்தான்னு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் எடுத்தவ நான்."

என் காது சூடாகிவிட்டது. "நீங்க கணக்கு டீச்சர்னுல்லா நெனச்சேன்," என்று உளறினேன்.

"எச்.எம்.மா இருந்தா கணக்குதான் எடுக்கணுமா? எனக்குத் தெரியப்பிடாதுன்னா வங்காளத்தோட நிறுத்தியிருக்கணும் நீங்க. தமிழ்ல எழுதி என்கிட்ட மறைக்கப் பாத்தீங்களே."

இத்தனை கோடி மக்கள் மறந்துபோன சொல்லைத் தேடி எடுத்து, அது தெரிந்த ஒரே ஆளின் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அந்த நிமிடம் எனக்கே அருவருப்பாக இருந்தது. மதினி எழுந்தார்கள். அவ்வளவுதான், போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். மேடைக்குப் பக்கத்தில் நித்யா மணக்கோலத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஓடிவந்தார்.

"ஏல சுந்தரம். எப்பருந்து சாப்பிடுதே?"

அத்தான் தரையைப் பார்த்தபடி, "வந்த வருஷத்துலருந்துக்கா," என்றார்.

"தெரியும். லீவுல நீ ஊருக்கு வரும்போதெல்லாம் உன் சட்டைய யாரு துவைச்சான்னு நெனைக்கே?"

அலுவலக அலமாரியில் மாற்றுச் சட்டை வைத்திருந்த மனிதர், புகைச் சட்டையை ஊருக்குப் போகும் பெட்டியில் மடித்து வைத்து வருடா வருடம் அக்காவிடமே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லவே இல்லையே நீ." கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்கள். "நான் தொடமாட்டேன். அது என்னோட. உன்னைத் தொடாதேன்னு சத்தியம் வாங்கினது, கண்காணாத ஊருக்குப் போறானே, நம்மள மறந்துருவானோன்னு ஒரு பயத்துல வாங்கினது. அதுக்கு இத்தனை வருஷம் எனக்குப் பயந்து கிடந்திருக்கியே."

பிறகு தன் தயிர்சாதத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வாசல் பக்கம் போகவில்லை. மண்டபத்தின் மறு கோடிக்கு நடந்து, பையனின் அம்மா உட்கார்ந்திருந்த மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மரியாதையாக எழுந்து தன் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மதினி அதைத் தட்டிக் காட்டி அத்தானை உட்காரச் சொன்னார்கள்.

கபாப் பரிமாறிக்கொண்டு வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினார்கள். தன் தம்பி தட்டில் இரண்டு வைக்கச் சைகை செய்தார்கள். அத்தான் கையைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார். கண் நிறைந்திருந்தது, தட்டில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரே இழுப்பில் நூலை உருவுகிற அந்த விரல் இப்போது நூலைத் தேடவில்லை. கபாபை அப்படியே எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

மதினி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"அட்டைல போட்டிருக்குல்ல, படிக்கலயா? நூலை எடுத்துட்டுத் தின்னுல. தொண்டையில சிக்கிறப் போவுது."